கொச்சி ஏடும் கீழ் லயத்துத் திண்ணையும்

தமிழ் அச்சின் வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம், 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்க’த்தைக் கூறுவதோடு அமைந்துவிடுகின்றோம். ஈராண்டு கழித்து, 1580இல், கொச்சியில் வெளிவந்த ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூலை வகுப்பறையில் நினைவுகூர்வார் அரியர். தன் குற்றங்களைத் தானே ஆராய்ந்து, அவற்றுக்கு வருந்தி, குருவிடம் அறிக்கையிடும் முறையைக் கத்தோலிக்கத் தமிழர்க்கு உணர்த்த எழுந்த நூல் அது. தமிழ், அச்செழுத்து ஏறிய முதற் சில ஆண்டுகளிலேயே மனச்சான்றின் கணக்கேடாகவும் ஆயிற்று.

அதனை வெளியிட்டவர் போர்த்துகீசிய நாட்டு இயேசு சபைத் துறவியான அண்டிரிக் அடிகளார் (1520–1600). 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் பெருந்தொகையாய்த் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்தம் மொழியறிந்த குருமார் இலர். பாவ அறிக்கையும் மொழிபெயர்ப்பாளன் வாயிலாகவே நிகழவேண்டியிருந்தது. தாயிடமும் சொல்லத் துணியாத ஒன்றை அயலான் ஒருவன் செவியில் இட்ட பிறகே அது குருவின் செவியை எட்டும். இந்நிலையில் நெஞ்சு திறப்பது எங்ஙனம்? அடிகளார் தமிழைக் கற்று, மொழிபெயர்ப்பாளனை விலக்கிப் பேசத் தொடங்கியதன் அருமை இங்கேதான் விளங்குகின்றது. பிழை உணர்தலுக்குத் தாய்மொழி வேண்டும் என்பதை அவர் கண்டார்.

சொற்களின் பயணமும் சுவையுடையது. போர்த்துகீசியச் சொல் வழங்கிய இடத்திற் பின்னர்ப் ‘பாவசங்கீர்த்தனம்’ வந்தமர்ந்தது. சீர்திருத்தத் திருச்சபையார் ‘மனந்திரும்புதல்’ என்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962–65) பின் கத்தோலிக்கர் ‘ஒப்புரவு’ என்னும் சொல்லை எடுத்தாண்டனர். திருக்குறளின் 22ஆம் அதிகாரத்தை அறிந்த நமக்கு அச்சொல் புதிதன்று. ஆங்கே அது ஊரார்க்கு உதவி வாழும் கடப்பாட்டைக் குறிப்பது. பொருள் சற்றே பெயர்ந்திருப்பினும், தனியொருவன் வருத்தத்தை ஊரோடு பிணைக்கும் அச்சொல்லைத் தேர்ந்தவர் தமிழறிந்தவர் என்றே எண்ணுகின்றேன்.

அப்பிணைப்பை நம் முன்னோர் எந்த அளவு உணர்ந்தனர்? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்தினுள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் நின்றது. 1910இல் அது இடிக்கப்பட்டபோது, சுவரை இழந்தோர் வழக்குமன்றம் சென்றனர். உயர்நீதிமன்றம் அவர்தம் கோரிக்கையை ஏற்கவில்லை. சுவரின் இருபுறத்தாரும் தவறாது பாவ அறிக்கை செய்தவர்களே என்பதை மறத்தலாகாது.

அத்தகைய ஊர்களினின்றும் கப்பலேறியோர் பேராக்கிற்கும் வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாகான் செராயில் ஃபீ அடிகளார் தமிழ்க் கத்தோலிக்கர்க்கெனக் குடியிருப்பு ஒன்றை அமைத்தார். ஈப்போவின் சிலிபினில் லூர்து அன்னை ஆலயம் தமிழர் வழிபாட்டிடமாயிற்று. தொலைவிலுள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கோ குரு வந்தால்தான் பூசை.

நான் வளர்ந்த தோட்டமும் அத்தகையதே. இன்று அங்கே செம்பனை நிற்கின்றது. குரு வரும் நாளில், பால்வெட்டு முடித்துக் குளித்துவந்த பெண்டிர் முக்காடிட்டு வரிசையாய் நிற்பர். என் பாட்டியார் விரல்மடித்துத் தம் பாவங்களை எண்ணிக்கொண்டிருப்பார்: பாலில் நீர் கலந்தது, மருமகளை ஏசியது, வெள்ளிக்கிழமை கருவாடு தின்றது. மேல் லயத்தவரான அவர் கீழ் லயத்தில் ஒருநாளும் தண்ணீர் அருந்தியதில்லை. அவ்விரல்களில் அதற்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை.

முதுமையில், நடை தளர்ந்தபின், ஒருநாள் என் தோளைப் பற்றிக்கொண்டு அவர் கீழ் லயத்திற்குச் சென்றார். தம்மோடு முப்பதாண்டு நிரை வெட்டிய ஒருத்தியின் திண்ணையில் அமர்ந்து தண்ணீர் கேட்டார். அந்த அம்மையார் திகைத்து நின்று, பின் குவளையை நன்கு விளக்கிக் கொணர்ந்தார். இருவரும் நெடுநேரம் ஏதும் பேசவில்லை.

திரும்பும் வழியில், “இதைச் சாமியாரிடம் சொன்னீர்களா?” என்று கேட்டேன்.

“அவர்கிட்டயும் சொல்லுவேன். மொதல்ல அவகிட்டதானேடா சொல்லணும்” என்றார்.