குறுந்தகட்டு டிரைவ் இல்லாத மடிக்கணினியில் மென்பொருள் நிறுவுதல்

ஏஸஸ் நிறுவனம் 2007இல் ஈ பிசி 701 என்ற ஏழு அங்குல மடிக்கணினியை வெளியிட்டது. நெட்புக் எனப்பட்ட இந்த வகைக் கணினிகளில், எடையும் விலையும் குறைய வேண்டும் என்பதற்காகக் குறுந்தகட்டு டிரைவ் விடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் இவை பள்ளி வழியாகவும் வீடுகளுக்கு வந்தன. மத்திய அரசின் டிஜிட்டல் கல்விப் புரட்சித் திட்டத்தின் கீழ், நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு 2009இல் லெனோவோ எஸ்10இ என்ற பத்து அங்குலக் கணினி விண்டோஸ் 7 உடன் வழங்கப்பட்டது. அதிலும் டிரைவ் கிடையாது.

இத்தகைய கணினியில் மென்பொருளை எப்படி ஏற்றுவது? குறுந்தகடு என்பது கொண்டுவரும் பாத்திரம் மட்டுமே. அதிலுள்ள அனைத்தையும் அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுக்கலாம். இதற்கு ஐ.எஸ்.ஓ. கோப்பு என்று பெயர். டிரைவ் உள்ள வேறொரு கணினியில் இதைத் தயாரித்து, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும். விண்டோஸ் 8 முதல் இக்கோப்பை இருமுறை சொடுக்கினாலே தகடு போட்டது போலத் திறக்கும். விண்டோஸ் 7இல் அதற்கெனத் தனி மென்பொருள் தேவை. நகல் தடுப்பு உள்ள சில தகடுகள் இம்முறைக்கு ஒத்துவராது. அவற்றுக்கு வெளியே செருகும் டிரைவ்தான் வழி. சில டிரைவ்களுக்கு ஒரு யூ.எஸ்.பி. துளை தரும் மின்சாரம் போதாது என்பதால் இரட்டைச் செருகிக் கம்பி தேவைப்படும்.

இயங்குதளத்தையே மாற்றுவதானால் ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பென் டிரைவில் வெறுமனே நகலெடுத்தால் போதாது. கணினியைத் துவக்கும் நிரலும் அதில் எழுதப்பட வேண்டும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். பென் டிரைவில் உள்ளவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிறகு கணினியை முடுக்கும்போது ஈ பிசியில் எஸ்கேப் விசையையும், எஸ்10இயில் எஃப்12 விசையையும் அழுத்தி, யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பயாஸ் கடவுச்சொல் பூட்டு நீக்கப்படாத பள்ளிக் கணினியில் இது இயலாது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. எஸ்10இயில் உள்ள ஆட்டம் என்270 செயலி 32 பிட் மட்டுமே. 2023இல் வந்த டெபியன் 12 லினக்ஸில் 32 பிட் நிறுவி உண்டு. 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அது கைவிடப்பட்டது. எனவே 12ஆம் பதிப்பின் கோப்பைத் தரவிறக்கிப் பத்திரப்படுத்துவது நல்லது.

இன்று பெரிய மடிக்கணினிகளிலும் டிரைவ் அரிதாகிவிட்டது. ஆகவே இது நெட்புக் வைத்திருப்பவர்களின் கவலை மட்டுமன்று. பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கவென்று ஊரிலிருந்து வாங்கிவந்த குறுந்தகடுகள் பல வீடுகளில் இருக்கும். அவற்றில் பல யூனிகோடுக்கு முந்தியவை; டாம், டாப், திஸ்கி போன்ற குறியாக்கங்களில் அமைந்தவை. பாடக் கோப்புகளை மட்டும் எடுத்துவைத்தால், உரிய எழுத்துரு இல்லாமல் திரையில் வெறும் குறிகளே தெரியும். எழுத்துருவும் நிறுவியும் சேர்ந்து வரும்படி முழுத் தகட்டையும் ஐ.எஸ்.ஓ.வாக எடுத்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எழுதிய தகடுகளின் சாயப்படலம் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெடும். முதலில் அவற்றைப் படியெடுங்கள்.