புகையின் இரு கணக்குகள்

கடலூரிலிருந்து வடலூர் போகும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. அதற்கும் மேற்கே நெய்வேலி. அங்கு 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கத்துக்காகப் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. எரிந்த பழுப்பு நிலக்கரி தமிழகமெங்கும் விளக்கேற்றியது. நகரியத்துக்கென ஒரு விமான ஓடுதளமும் அமைந்தது. குள்ளஞ்சாவடிக்காரர்கள் ஏறியதோ பேருந்தில்தான்.

உலகெங்கும் தனியார் ஜெட் விமானங்கள் 2023இல் சுமார் 1.56 கோடி டன் கரியமில வாயுவை வெளியிட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பறப்பவர்கள் ஏறத்தாழ 2.56 லட்சம் பேர். 2025-26க்குள் அவற்றை விலக்கப் போவதாக ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் 2023இல் அறிவித்தது.

மொத்த விமானப் புகையில் இது சிறு பங்கே, தடையால் பூமி குளிர்ந்துவிடாது என்பர். உண்மைதான். ஆனால் அளவு மட்டுமே அறமாகாது. நெய்வேலியின் புகைக்கு ஒரு நியாயம் சொல்ல முடிந்தது: அது பலர் வீட்டில் வெளிச்சமாயிற்று. தனி ஜெட்டின் புகை யார் வீட்டில் விளக்கேற்றுகிறது? நிலத்தை இழந்த ஊர்களிடம் சிக்கனம் பேசுமுன், நாம் விடை சொல்லியாக வேண்டிய கேள்வி இது. தடை தேவை என்றே நான் கருதுகிறேன்.