ஷில்லாங்கின் தகரக் கூரை

கூரைக்கு ஓடா, கற்பலகையா, தகரமா என்று ஆராயும்பொழுது நாம் மழையையும் வெயிலையும் கருதுகிறோம், கைப்பொருளையும் கருதுகிறோம். காலின்கீழ் உள்ள நிலத்தையும் கருதிக் கூரை வேயக் கற்றுக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. அதுவே ஷில்லாங்.

1874இல் அஸ்ஸாமின் தலைநகராக்கப்பட்ட அவ்வூரில் ஆங்கிலேயர் தம் நாட்டு வழக்கப்படி கல்லால் மாளிகைகளும் தேவாலயமும் எழுப்பினர். 1897 ஜூன் 12, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணியளவில் பெருநடுக்கம் ஏற்பட்டது. கற்கட்டடங்கள் தரைமட்டமாயின. அஸ்ஸாமில் சுமார் 1,500 பேர் மாண்டனர். மாலை நேரமாதலின் பலர் வெளியே இருந்தனர். இல்லையேல் சேதம் பன்மடங்காகியிருக்கும்.

அழிவை ஆராய்ந்த ஓல்டாம் என்னும் புவியியல் அறிஞரின் அறிக்கை 1899இல் வெளிவந்தது. கல்வீடு விழுந்த இடத்தில் 'இக்ரா' வீடு நின்றதை அவர் கண்டார். மரச்சட்டங்களுக்கிடையே இக்ரா என்னும் நாணலை நிரப்பிச் சாந்து பூசிய சுவர் அது. ஆடும், ஆனால் எளிதில் சரியாது. அம்முறையில் பெருகியவையே 'அஸ்ஸாம் பாணி' வீடுகள்.

அவற்றின்மேல் வேய்ந்தது நெளிதகரம். 1829இல் லண்டனில் பாமர் என்பவர் காப்புரிமை பெற்ற பொருள் இது. மெல்லிய இரும்புத் தகடு தானே தொய்ந்துவிடும். அதனையே நெளித்துவிட்டால் விறைத்து நிற்கும். எனவே பருத்த உத்தரங்கள் வேண்டுவதில்லை. நிலம் குலுங்கும்பொழுது கூரையின் எடைக்கேற்பவே சுவரைத் தள்ளும் விசையும் பெருகும். தலையில் சுமையுடையவன் இடறினால் நேர்வது நாம் அறிந்ததே. 1905 ஏப்ரல் 4 காலையில் காங்க்ராவில், பச்சைச் செங்கற் சுவர்களும் அவற்றின்மேல் ஏற்றிய கனத்த கற்பலகைக் கூரைகளும் ஒருங்கே சரிந்தன. அந்நடுக்கத்தில் இறந்தோர் சுமார் 20,000 பேர். குறை சுவரிலும் இருந்தது. கூரையின் பாரம் அதனைப் பெருக்கிற்று.

தகரத்திலும் குறை இல்லாமலில்லை. பெருமழையில் அதன்கீழ் உரையாடுதல் அரிது! வெயிலில் காயும், ஆதலின் அடியில் பலகையோ மூங்கிற்பாயோ பரப்புவர். இலேசான கூரையைக் காற்றுத் தூக்கிவிடாதபடி சட்டங்களோடு இறுகப் பிணைக்கவும் வேண்டும். நம்மூரில் தகரக் கொட்டகை வறுமையின் அடையாளம். ஷில்லாங்கிலோ அதிகாரியின் பங்களாவுக்கும் அதே கூரைதான்.

1950 ஆகஸ்ட் 15 இரவு, 1897ஐ விடப் பெரிய நடுக்கம் மேல் அஸ்ஸாமை உலுக்கிற்று. இன்று மனை விலை ஏறிவிட்டமையால் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகள் எழுப்புகின்றனர். கான்கிரீட்டும் நடுக்கத்தைத் தாங்கவல்லதே. கம்பி கட்டுவதில் சிக்கனம் பாராதிருந்தால்.