மூக்குவழித் தடுப்புமருந்தும் நாசியின் எதிர்ப்பாற்றலும்

மூக்கில் சொட்டாகவோ தூவலாகவோ இடும் தடுப்புமருந்து, சுவாசக் கிருமிகள் முதலில் வந்து இறங்கும் நாசிச் சளிச்சவ்விலேயே எதிர்ப்பாற்றலை எழுப்புகிறது. ஊசியே இல்லாத இதற்கும் தமிழில் ‘தடுப்பூசி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மருந்துக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு. மூக்கின் குற்றிழைகள் சளியை ஓயாமல் தொண்டைப் பக்கம் தள்ளுவதால், மருந்தின் பெரும்பகுதி சீக்கிரமே விழுங்கப்பட்டுவிடும். தங்கும் சிறு பங்கைச் சளிச்சவ்விலுள்ள எம் செல்களும் கிளைச்செல்களும் பிடித்து நிணநீர்த் திசுவிடம் சேர்க்கின்றன. எலியின் மூக்கில் இதற்கெனத் தனித் திசு உண்டு; மனிதரிடம் அவ்வேலையைப் பெரும்பாலும் அடினாய்டும் டான்சில்களும் சேர்ந்த வால்டேயர் வளையம் பார்க்கிறது. எலிச் சோதனை முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே தூண்டப்படும் பி செல்களின் முக்கிய விளைச்சல் ஐஜிஏ என்னும் எதிர்ப்பொருள். இரத்தத்தில் பெரும்பாலும் தனித்துத் திரியும் இது, சளிச்சவ்வில் இரண்டிரண்டாக ஜே புரதத்தால் பிணைக்கப்படுகிறது. புறச்செல்லின் அடிப்புறத்திலுள்ள ஏற்பி அந்த இணையைப் பற்றி, செல்லின் ஊடே சுமந்து, மறுபுறம் சளியில் விடுகிறது. விடும்போது ஏற்பியின் ஒரு துண்டும் கூடவே போய், நொதிகள் சிதைக்காதபடி அதற்குக் கவசமாகிறது. நான்கு பிடிகள் கொண்ட இந்த இணை, கிருமி செல்லில் ஒட்டுமுன்பே அதைச் சளியில் கட்டிப்போடுகிறது. தசையில் போடும் ஊசி முதன்மையாக வளர்ப்பது இரத்தத்தில் ஓடும் ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருளை. மூக்குவழி மருந்தால், திசுவை விட்டு நகராத நினைவு டி செல்களும் அங்கேயே குடியேறுகின்றன.

அமெரிக்காவில் 2003-இல் அனுமதி பெற்ற ஃப்ளூமிஸ்ட் என்ற மூக்குவழி ஃப்ளூ மருந்தில் இருப்பது குளிருக்குப் பழக்கிய உயிர் வைரஸ்; குளிர்ந்த மூக்கில் பெருகும், வெப்பமான நுரையீரலில் திணறும். ஐதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த இன்கோவாக் என்ற கொரோனா மருந்து, 2023 ஜனவரி 26 அன்று அறிமுகமானது. சறுக்கலும் உண்டு: 2000-இல் சுவிட்சர்லாந்தில் வந்த ஒரு ஃப்ளூ மருந்து, போட்டவர்களிடம் முகவாதம் கூடியதால் கைவிடப்பட்டது. அதில் தூண்டுபொருளாகச் சேர்த்திருந்த இ.கோலை நச்சுப் புரதத்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

மருந்து பலித்ததா என்று அளப்பதும் எளிதல்ல: இரத்தப் பரிசோதனை மூக்கின் எதிர்ப்பாற்றலைச் சரிவரச் சொல்லாது. மூக்கைக் கழுவி எடுக்கும் நீரிலோ, சளியின் அளவும் நீர்ப்பும் ஆளுக்கு ஆள் மாறும். பலமுறை ஃப்ளூ கண்ட பெரியவர்களிடம் இன்னொரு சிக்கல்: பழைய தொற்றில் உருவான ஐஜிஏ, மருந்திலுள்ள உயிர் வைரஸையும் எதிரியாகவே நடத்தி, பெருகுமுன் மடக்கிவிடலாம்.