கூடும் சட்டமும்

சங்கரன்கோவில் தலபுராணம் ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்னும் இரு நாகர்களில் ஒருவர் சிவனே பெரியவர் என்கிறார். மற்றவர் திருமாலே பெரியவர் என்கிறார். வழக்கு அம்மையிடம் போக, கோமதி தவமிருந்து, ஒரு பாதி சிவனும் மறு பாதி திருமாலுமாக ஒரே திருமேனியைக் காண்கிறாள். ஆடித்தபசு என ஆண்டுதோறும் அவ்வூர் கொண்டாடுவது இக்காட்சியைத்தான். இரண்டில் எது பெரிது என்ற கேள்விக்கு, இரண்டையும் ஓருடலாக்கிக் காட்டுவதே அங்கு கிடைத்த விடை.

இந்த வழக்கை வேறொரு பொருளின்மீது ஏற்றிப் பார்க்க நாம் விரும்புகிறோம். ஒரு வண்டியில் எது பெரிது? கண்ணுக்குத் தெரியும் கூடா, அடியில் மறைந்து அதனைத் தாங்கும் சட்டமா? பட்டறைக்காரர்கள் முன்னதைப் ‘பாடி’ என்றும் பின்னதைச் ‘சேஸ்’ என்றும் சொல்வார்கள். கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கைத்தொழிலின் வாழ்வும் தாழ்வும் அதன் விடையில் அடங்கியிருக்கின்றன.

சங்கரன்கோவில் கரிசல் நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. கிழக்கே கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் பருத்தி விளைந்த மண். ஊருக்குள் விசைத்தறிகள், பூச்சந்தை. நெய்ததையும் பறித்ததையும் விளைந்ததையும் சுமந்து செல்ல வண்டி வேண்டும். அதன் பழைய வடிவம் கட்டைவண்டி. குடம், ஆரக்கால், வட்டை என்று சக்கரத்தை மரத்தில் இழைத்தவர் தச்சர். இரும்புப் பட்டையைக் காய்ச்சி வட்டையின்மீது இறுக்கியவர் கொல்லர். ஈரக் கரிசலில் ஒடுங்கிய பட்டைச் சக்கரம் புதைந்துபோகும். உழவர் வேகத்துக்கு மாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

பின்னர் அதே வண்டி ‘டயர் வண்டி’ ஆயிற்று. மோட்டார் வாகனத்தின் அச்சும் பேரிங்கும் காற்றடைத்த டயரும் கீழே வந்தன. மேலே நுகத்தடியும் மரப்பலகையும் அப்படியே நின்றன. தமிழகத்துக் கிராமங்கள் பலவற்றில் நிகழ்ந்த இம்மாற்றத்தைக் கண்டுபிடிப்பு என்று எவரும் அழைக்கவில்லை, காப்புரிமை கோரவுமில்லை. பழைய கூட்டைப் புதிய அடித்தளத்தில் ஏற்றுவது என்பதன் எளிய, முழுமையான எடுத்துக்காட்டு அது.

இதே செயலுக்கு அமெரிக்காவில் ஒரு பெயரும், அப்பெயரைச் சுற்றி ஒரு பண்பாடும் உண்டு. ‘ரேட் ராட்’ என்கிறார்கள். முதற்சொல்லுக்கு எலி என்று பொருள். இரண்டாவது, ‘ஹாட் ராட்’ என்னும் வேகவண்டி மரபின் மிச்சம். நாம் எலிவண்டி என்றே அழைப்போம்.

அம்மரபின் வேர் மலிவில் இருக்கிறது. 1908 முதல் 1927 வரை ஃபோர்டு நிறுவனம் சுமார் ஒன்றரைக் கோடி ‘மாடல் டி’ கார்களைச் செய்து தள்ளியது. 1932-இல் அதே நிறுவனம் 65 குதிரைத்திறன் கொண்ட ‘வி-8’ எஞ்சினைச் சாமானியர் வாங்கும் விலையில் கொடுத்தது. பழைய கார்கள் குப்பைமேட்டு விலைக்கு வந்தபோது, தென் கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றின் மட்கார்டையும் பானட்டையும் கழற்றி எறிந்து, எடையைக் குறைத்து, வறண்ட ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். 1937-இல் அவர்களுக்கு ஒரு சங்கம் அமைந்தது. 1948-இல் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஓர் இதழ் வந்தது. பிறகு எல்லா ஏழைக் கலைகளுக்கும் நேர்வது இதற்கும் நேர்ந்தது. செல்வந்தர் கை பட்டது. குரோமியப் பூச்சும் கண்ணாடி போன்ற வண்ணமும் ஏறி, ஓடுவதற்கான வண்டி காட்சிக்கூடத்து அணிகலனாயிற்று. அதற்கு எதிர்வினையாகவே 1990-களில் எலிவண்டி என்னும் பெயர் பரவியது. துருவைத் துடைக்காதே, கிடைத்ததைக் கொண்டு கட்டு, கட்டியதை ஓட்டு என்பது அதன் அறம்.

குறைந்த செலவில் எலிவண்டி கட்ட விரும்புவோர் கண்ட வழி நம் கவனத்துக்குரியது. 1947 முதல் 1955-இன் தொடக்கம் வரை வந்த செவர்லே அரை டன் பிக்கப்பின் ஓட்டுநர் அறையை எடுத்துக்கொள்கிறார்கள். அதன் சொந்த அடிச்சட்டத்தில் முன்னும் பின்னும் இரும்புக் கட்டை அச்சு, பட்டை வில், டிரம் பிரேக். இன்றைய நெடுஞ்சாலைக்கு அது போதாது. எனவே 1982 முதல் 2004 வரை அமெரிக்காவில் விற்ற ‘செவர்லே எஸ்-10’ என்னும் சிறிய பிக்கப் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, அதன் கூட்டை அகற்றிவிடுகிறார்கள். எஞ்சுவது ஏணி வடிவிலான இரும்புச் சட்டம். அதனுடன் எஞ்சின், கியர்பெட்டி, டிஸ்க் பிரேக், தனித்தியங்கும் முன்சக்கர அமைப்பு, ஸ்டீயரிங், எரிபொருள் தொட்டி எல்லாம் ஒருங்கே கிடைக்கின்றன. பழைய வண்டியின் இரு அச்சுகளுக்கிடையே 116 அங்குலம். எஸ்-10-இன் நீள வகையில் 117.9 அங்குலம். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான வேறுபாடு. நாற்பது ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது இந்தத் தற்செயலால்தான்.

வேலை எஞ்சாமல் இல்லை. பழைய அறையின் தரையை வெட்டி, சட்டத்தின்மீது தாழ்த்தி அமர்த்த வேண்டும்; தாங்கிகளைப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும்; ஸ்டீயரிங் தண்டை நீட்டி இணைக்க வேண்டும். ஆனால் உயிர்நிலையான உறுப்புகள் எவற்றையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஒரு தொழிற்சாலை ஒன்றுக்கொன்று பொருந்தக் கணக்கிட்ட பிரேக்கும் அச்சும் ஸ்டீயரிங்கும் அப்படியே இருக்கின்றன. சுதந்திரம் மேலே, ஒழுங்கு கீழே. இதனை நினைவில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

மோட்டார் வண்டி தமிழகத்துக்கு வந்தபோதே பெரும்பாலும் கூடில்லாமல்தான் வந்தது. அதற்கு முன்மாதிரியும் அமெரிக்காவிலேயே இருந்தது: 1917-இல் ஃபோர்டு வெளியிட்ட ஒரு டன் லாரி, தொடக்கத்தில் வெறும் அடிச்சட்டமாகவே விற்கப்பட்டது, மேற்கூட்டை வாங்கியவர் தம் ஊர்த் தச்சரிடம் கட்டிக்கொண்டார். மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் நிறுவனம் தொடங்கிய காலத்திலும், 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டிய காலத்திலும், பஸ் என்பது அயல்நாட்டுச் சட்டத்தின்மீது உள்ளூர்க் கை சேர்த்த மரம்தான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, அதே பஸ்களின் பின்புறத்தில் கரியை எரித்து வாயு எடுக்கும் கொதிகலன் போன்ற உருளை ஒன்றும் ஏறியது. பயணிகள் ஏறுமுன் அதனை விசிறிக் கனலூட்ட வேண்டியிருந்ததை முதியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டவர்கள் பலர்.

விடுதலைக்குப் பின் சட்டமும் இங்கேயே செய்யப்பட்டது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று; டாட்டாவின் ஜாம்ஷெட்பூர் ஆலை 1954-இல் மெர்சிடிஸ் பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. ஆலைகள் சட்டத்தை வார்த்தன. கூட்டைப் பட்டறைகள் கட்டின. லாரிக்கு நாமக்கல், பஸ்ஸுக்குக் கரூர், லாரிமேல் ஏற்றும் ஆழ்துளைக் கிணற்று இயந்திரத்துக்குத் திருச்செங்கோடு என ஊர்கள் பெயர் பெற்றன. கூரையோ கதவோ இல்லாத வெறுஞ்சட்டத்தின்மீது ஒரு பலகையைக் கட்டி, முகத்தில் துணி சுற்றி, நூற்றுக்கணக்கான கல் தொலைவு வெயிலிலும் மழையிலும் அதை ஓட்டிவரும் ஓட்டுநரை நம் நெடுஞ்சாலைகளில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். பிறக்காத வண்டி ஒன்று தன் கூட்டைத் தேடிப் போகும் காட்சி அது.

அப்பட்டறைகளுக்கு எழுதப்படாத இலக்கணம் உண்டு. அடிச்சட்டத்தின் விளிம்பில் துளையிடக் கூடாது. நெருப்பு வைக்கக் கூடாது. இடையே மரக்கட்டை கொடுத்து, ‘யூ போல்ட்’ கொண்டு கூட்டைச் சட்டத்தோடு கவ்வ வேண்டும். பாரம் ஏறிய சட்டம் முறுகும்போது துளையிட்ட இடத்தில்தான் முதல் விரிசல் தோன்றும் என்பதைப் பொறியியல் நூலைப் படிக்காமலே அவர்கள் அறிந்திருந்தார்கள். கூட்டில் எத்தனை அலங்காரமும் செய்யலாம்: முல்லைக்கொடி வரையலாம், பெற்றோர் பெயரையும் குலதெய்வத்தின் பெயரையும் எழுதலாம். சட்டத்தைத் தொடலாகாது. எலிவண்டி கட்டுவோரின் விவேகமும் இதுவேதான்.

எதிர்த்துருவமும் நம்மிடம் உண்டு. சென்னையின் மீன்பாடி வண்டி, முன்னால் பாரம் சுமக்கும் மூன்று சக்கர மிதிவண்டி. அதில் கழித்துப் போட்ட ஸ்கூட்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். வட இந்தியாவில் நீரிறைக்கும் டீசல் எஞ்சினைக் கொண்டு கட்டிய ‘ஜுகாட்’ அதன் உடன்பிறப்பு. இரண்டும் ஏழையின் மதிநுட்பம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கே புதிதாகக் கற்பனை செய்யப்பட்டது கூடு அன்று. சட்டமும் பிரேக்கும் ஆகும். மனிதக் காலின் வேகத்துக்குச் செய்த சட்டம் எஞ்சினின் வேகத்தைத் தாங்க வேண்டியிருந்தது. அதற்கான விலையை ஓட்டியவரும் எதிரே வந்தவரும் கொடுத்தார்கள்.

தமிழில் ‘சட்டம்’ என்ற சொல் இரும்பையும் குறிக்கிறது. அரசு வகுத்த விதியையும் குறிக்கிறது. இரண்டாவது சட்டம் முதலாவதையே வண்டியின் அடையாளமாகக் கொள்கிறது. எத்தனை முறை கூடு மாறினாலும், அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணே வண்டியின் பெயர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாற்றங்களைக் கட்டுப்படுத்தியது. 2000-இல் வந்த திருத்தம் அதனை இறுக்கி, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. ஜுகாட்டும் மோட்டார் வாகனமே என்றும் சட்டத்துக்கு உட்பட்டதே என்றும் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில், மாற்றங்களுக்கு இடம் தந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை அதே நீதிமன்றம் தள்ளியது. 2021 ஜூலையில் ஐம்பதாண்டு கடந்த பழம்பெரும் வண்டிகளைப் பதிவதற்குத் தனி விதி வந்தது. ஆனால் அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாது மூல வடிவிலேயே இருப்பவற்றுக்கு மட்டும்.

ஆக, புதிய சட்டத்தின்மீது பழைய கூட்டை ஏற்றிய வண்டி இந்தியாவில் எந்த வாசலிலும் நுழைய முடியாது. புதியது என்று சொன்னால் தயாரிப்பாளர் குறித்த கூடு இல்லை; பழையது என்று சொன்னால் மூலச் சட்டம் இல்லை. சங்கரநாராயணரைக் கண்டு, நீர் சைவரா வைணவரா, இரண்டில் ஒரு வரிசையில் நில்லும் என்பது போன்றது இது.

விதியின் அச்சம் நியாயமற்றதன்று. மீன்பாடி வண்டி அதற்குச் சான்று. ஆனால் சட்டத்தைக் கற்பனை செய்வதும் கூட்டைக் கற்பனை செய்வதும் ஒன்றல்ல என்ற வேறுபாட்டை விதி மறந்துவிடக் கூடாது. இவ்வேறுபாட்டை அரசே ஓரிடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பஸ் கூடு கட்டுவதற்கென ‘ஏ.ஐ.எஸ். 052’ என்னும் விதித்தொகுப்பு உண்டு. அதன்படி அவசர வழி முதல் கூரையின் வலிமை வரை சோதித்து, கட்டுபவருக்கு அங்கீகாரம் தருகிறார்கள். பட்டறையை ஒழிக்காமல் பட்டறைக்கு அளவுகோலைக் கொடுத்த முறை அது. தனியொருவர் கட்டும் சிறு வண்டிக்கு அத்தகைய சோதனை வாசல் ஒன்றைத் திறப்பது இயலாத காரியமன்று. பிரிட்டனில் தனிமனிதர் கட்டிய கார்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பதியும் முறை இருக்கிறது.

இதை வலியுறுத்தக் காரணம் எலிவண்டிமீதான மோகம் அன்று. கூடு கட்டும் கை குறைந்துவருகிறது. ஓட்டுநர் அறையுடனேயே ஆலையிலிருந்து வரும் லாரிகள் பெருகிவிட்டன. 2023 டிசம்பரில் வந்த மத்திய அரசின் அறிவிக்கை, 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனத்தைக் கட்டாயமாக்கியது. முகத்தில் துணி சுற்றி ஓட்டிவந்தவரின் உடலை எண்ணினால் இதை வரவேற்கவே வேண்டும். அவருக்கு நல்லறை கிடைப்பது வளர்ச்சி. ஆனால் அந்த அறையைக் கட்டத் தெரிந்த தச்சரும் தகரவேலைக்காரரும் ஓவியரும் தம் அறிவை எங்கே கொண்டு செல்வார்கள் என்ற கேள்விக்கு இவ்வளர்ச்சியில் விடை இல்லை.

அமெரிக்காவில் வறுமையின் கைவேலை பண்பாடு ஆயிற்று. அதற்கு இதழ்களும் விழாக்களும் வாய்த்தன. நம்மிடம் அதே கைவேலை தேவையாகவே இருந்து, தேவை தீர்ந்ததும் தடமின்றிப் போகிறது. கட்டைவண்டியை டயர் வண்டியாக்கிய முதல் மனிதரின் பெயர் எந்த நூலிலும் இல்லை. நாமக்கல் லாரியின் மரவேலைக்கு ஓர் அருங்காட்சியக மூலை கூட ஒதுக்காமல், பழைய செவர்லேயின் துருவை வியப்பதில் பொருளில்லை. யூ போல்ட்டை எந்த இடத்தில் கவ்வ வேண்டும் என்பதைக் கையால் அறிந்த தலைமுறை இன்னும் பட்டறைகளில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதிவைப்பதற்கு எந்த அனுமதியும் தேவையில்லை.