பிரேதப் பரிசோதனையிலிருந்து சிறுநீர்ச் சோதனைக்கு: வட அமெரிக்க நாய்களில் பிளாஸ்டோமைக்கோசிஸ் நோயறிதலின் வரலாறு

நாய்களின் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை நோய்களுள் பிளாஸ்டோமைக்கோசிஸின் வரலாற்றை மருந்துகளின் வரிசையாகச் சொல்வது எளிது. அப்படிச் சொன்னால் 1990-களிலேயே கதை முடிந்துவிடும். ஆனால் நல்ல மருந்து கையில் வந்த பின்னரும் நாய்கள் இறந்தன. நோய் தாமதமாகத் தெரிந்ததே அதற்கு முக்கியக் காரணம். ஆகவே மருந்தின் வரலாற்றைவிட நோயறிதலின் வரலாறே இங்கு முதன்மை பெறுகிறது.

1894-இல் பால்டிமோர் தோல் மருத்துவர் தாமஸ் காஸ்பர் கில்கிறிஸ்ட் இந்நோயை மனிதத் தோல் திசுவில் கண்டார். 1898-இல் ஸ்டோக்ஸுடன் சேர்ந்து பூஞ்சையை வளர்த்து, பிளாஸ்டோமைசஸ் டெர்மடைடிடிஸ் என்று பெயரிட்டார். நாயில் இதை 1912-இல் பதிவு செய்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த கால்நடை மருத்துவர் கார்ல் பிரீட்ரிக் மேயர். தோல் வழியாகவே நோய் தொடங்குகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. தொற்று நுழையும் வாயில் நுரையீரல்தான், தோல் புண் பெரும்பாலும் அங்கிருந்து பரவியதன் விளைவு என்று ஷ்வார்ட்ஸும் பாமும் 1951-இல் நிறுவினர். கால்நடை மருத்துவருக்கு இதன் பொருள் மிகத் தெளிவானது: ஆறாத புண்ணோடு நாய் வந்தால் நெஞ்சையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

பூஞ்சை எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. 1961-இல் டென்டன் குழுவினர் கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனில் மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். விஸ்கான்சின் மாநிலத்து ஈகிள் ரிவர் பகுதியில் 1984-இல் முகாமுக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளிடையே நோய் பரவியது. கிளைன் குழுவினர் அங்கே நீர்நாய்போன்ற பீவர் விலங்கின் குளக்கரையில், ஈரமும் மட்கும் மண்டிய மண்ணில், பூஞ்சையைக் கண்டு 1986-இல் வெளியிட்டனர். மிசிசிப்பி, ஒஹாயோ ஆற்றுப் படுகைகள், பேரேரிகளைச் சூழ்ந்த நிலம் ஆகியவை இதன் தாயகம். அங்கே நீர்க்கரை மண்ணை முகர்ந்து தோண்டும் வேட்டை நாய், உரிமையாளருக்கு முன்பாகவே வித்துகளை உள்ளிழுக்கிறது. ஒரு பகுதியில் நாய்களுக்கு நோய் வருவது மனிதருக்கு வரப்போவதன் முன்னறிவிப்பு என்று சரோசியும் உடனாய்வாளரும் 1979-இலேயே எழுதினர். மனித மருத்துவர்கள் அதைப் போதிய அளவு காதில் வாங்கவில்லை என்பதே என் எண்ணம்.

சிகிச்சையைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 1950-களின் நடுவில் வெனிசுலாவின் ஒரினோகோ பகுதி மண்ணிலிருந்த ஸ்ட்ரெப்டோமைசஸ் நோடோசஸிலிருந்து ஆம்போடெரிசின் பி கிடைத்தது. நரம்பு வழியே ஏற்ற வேண்டிய மருந்து; சிறுநீரகத்தைக் கெடுக்கும். புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் கண்டறிந்த ஹேமைசினும் 1960-களில் அமெரிக்காவில் மனித நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது; ஆனால் நிலைக்கவில்லை. வாய்வழி மருந்தாக 1981-இல் கீட்டோகோனசோலும் 1992-இல் இட்ராகோனசோலும் மனிதருக்கான ஒப்புதல் பெற்றன.

டென்னசியில் லெஜண்டர் குழுவினர் இட்ராகோனசோல் கொடுத்த 112 நாய்களைப் பற்றி 1996-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வரலாற்றின் மையம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் பெற்றவையும் 10 மில்லிகிராம் பெற்றவையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில், பாதிக்குச் சற்று மேல், குணமாயின. அளவை இரட்டித்ததால் பக்க விளைவாகத் தோல் புண்ணே மிகுந்தது. இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் முதல் வாரத்தில் நிகழ்கிறது. மடியும் பூஞ்சைக்கு எதிராக நுரையீரலில் அழற்சி பெருக, மூச்சுத்திணறல் மேலும் மோசமாகிறது. ஆக, மருந்தைக் கூட்டிப் பயனில்லை. நுரையீரல் நிரம்பும் முன் பிடித்தாக வேண்டும்.

பிடிப்பது எப்படி? எக்ஸ்ரேயில் பனி பொழிவதுபோல் சிதறிய புள்ளிகள் ஐயத்தை எழுப்பும். அதே தோற்றத்தைப் புற்றுநோயும் தரும். ஊசியால் எடுத்த திசுவில், தடித்த சுவரும் அகன்ற அடியோடு மொட்டு விடும் தன்மையும் கொண்ட ஈஸ்ட் அணுக்கள் தெரிந்தால் ஐயம் தீரும். ஆனால் மூச்சுத் திணறும் நாயின் நெஞ்சில் ஊசி செலுத்த எல்லாரும் துணிவதில்லை. பூஞ்சையை வளர்த்துப் பார்ப்பதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஆய்வகத்தில் அது வித்துகளோடு வளர்வதால் ஊழியருக்கும் ஆபத்து. எதிர்ப்புப் புரதத்தைத் தேடிய அகார் ஜெல் சோதனைதான் பல காலம் துணை நின்றது. அது எவ்வளவு மெலிந்த துணை என்பதை ஸ்பெக்டர், லெஜண்டர், வீட் ஆகியோரின் 2008 ஆய்வு காட்டியது: நோயுற்ற நாய்களில் அது இனம் கண்டது 17.4 விழுக்காடே. பூஞ்சையின் செல்சுவரிலிருந்து கழியும் ஆன்டிஜெனைச் சிறுநீரில் தேடிய சோதனையோ 93.5 விழுக்காட்டை இனம் கண்டது. இச்சோதனை ஹிஸ்டோபிளாஸ்மா என்ற மற்றொரு பூஞ்சையிலிருந்து பிளாஸ்டோமைசஸைப் பிரித்துக் காட்டாது என்ற குறை உண்டு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே என்பதால் இக்குறையைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

இன்றும் இடறுவது இதற்கு முந்தைய படியில்தான். இருமலுக்குப் பாக்டீரியா நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருப்பதில் வாரங்கள் கழிகின்றன. நோயறியாமல் ஸ்டீராய்டு கொடுத்தால் பூஞ்சை மேலும் பரவுகிறது. நோயறிந்து இட்ராகோனசோல் தொடங்கினாலும் மாதக்கணக்கில், அறிகுறிகள் மறைந்த பின் மேலும் ஒரு மாதம் கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கலந்து தரும் இட்ராகோனசோல் கலவை நாயின் இரத்தத்தில் போதிய அளவு சேர்வதில்லை என 2014-இல் தெரியவந்தது. பூஞ்சையின் பிஏடி1 மரபணுவை நீக்கிய உயிர்த் தடுப்பூசியின் பாதுகாப்பும் எதிர்ப்பாற்றலும் நாய்களிடம் சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2011-இல் வெளியாயின. அது இன்னும் மருத்துவமனைகளுக்கு வந்து சேரவில்லை.