எலும்பு மஜ்ஜையும் கருப்பைத் தழும்பும்

குழந்தை இல்லை என்றால் ஊர் முதலில் பெண்ணைத்தான் குறை சொல்லும். ஆனால் சில பெண்களுக்கு அந்தக் குறை வந்ததே சிகிச்சையால்தான் என்பது பலருக்குத் தெரியாது.

கருச்சிதைவுக்குப் பிறகோ பிரசவத்துக்குப் பிறகோ கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். 'டி அண்ட் சி' என்று சொல்வது இதைத்தான். சுரண்டல் ஆழமாகிவிட்டால் உட்சுவரில் தழும்பு விழுந்து, எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். மாதவிலக்கு குறையும் அல்லது நின்றுவிடும். கரு ஒட்டி வளர இடம் இருக்காது. 1894-ல் ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிச் ஃப்ரிட்ஷ் இதை முதலில் பதிவு செய்தார். 1948-ல் ஜோசப் ஆஷர்மன் 29 பெண்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே இது இன்றும் ஆஷர்மன் நோய் எனப்படுகிறது.

ஒட்டியதை அறுத்துப் பிரிக்க வழி வந்தது. ஆனால் நோய் முற்றியவர்களுக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டது. விதை நன்றாக இருந்தும் நிலம் கரம்பாகக் கிடந்த கதைதான்.

திருப்பம் வேறொரு நோயிலிருந்து வந்தது. ரத்தப் புற்றுநோய்க்காக வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைப் பெற்ற நான்கு பெண்களை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூ டெய்லர் ஆராய்ந்தார். அவர்களது கருப்பை உட்சுவரில் மஜ்ஜை கொடுத்தவரின் செல்கள் இருந்தன! 2004-ல் இது வெளியானது. மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள் கருப்பை வரை போய் உட்சுவராக மாறும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

2011-ல் அகமதாபாத் மருத்துவர்கள் ஒரு பெண்ணின் சொந்த மஜ்ஜை செல்களை அவரது கருப்பைக்குள் செலுத்தினார்கள். உட்சுவர் வளர்ந்தது, பிறகு சோதனைக் குழாய் முறையில் அவர் கர்ப்பமானார். 2016-ல் ஸ்பெயின் குழு ஒன்று கருப்பைக்குச் செல்லும் ரத்தக்குழாய் வழியாகச் செல்களை அனுப்பிப் பார்த்தது.

ஆனால் வெறுமனே ஊற்றிய செல் ஓரிடத்தில் தங்குவது கடினம். சீனாவின் நான்ஜிங் மருத்துவர்கள் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன மெல்லிய தாங்கியில் செல்களை ஏற்றி வைத்தார்கள். அது செல்லைப் பிடித்து வைக்கும். சுவர்களையும் பிரித்து நிறுத்தும். மஜ்ஜை செல்களுடன் இதைப் பெற்ற ஐந்து பெண்களும் தாயானதாக 2017-ல் அறிவித்தார்கள். 2018-ல் தொப்புள்கொடி செல்களுடன் நடந்த சோதனையில் 26 பேரில் 10 பேர் கருவுற்றனர். கட்டுரை வெளியான வரையில் 8 குழந்தைகள் பிறந்திருந்தன.

இவையெல்லாம் சிறிய சோதனைகள். சிகிச்சை பெறாத இன்னொரு குழுவோடு ஒப்பிடப்படாதவை. எனவே இதை உறுதியான தீர்வு என்று யாராவது விற்றால் யோசிக்க வேண்டும். அதுவரை கையில் இருக்கும் பாடம் பழையதுதான்: தேவையில்லாமல் சுரண்டாதிருப்பது, பெண்ணைக் குறை சொல்லாதிருப்பது.